பத்தாம் வகுப்புக் கணக்கு: பாடத்திட்டத்தில் ஓட்டை எங்கே, அடைப்பது எப்படி?

கேள்வி இது: “சமச்சீர் கல்வி வந்தது. 2018-இல் மறுபடியும் புத்தகம் மாறியது. ஆனாலும் பத்தாவது பாஸான பிள்ளைக்குச் சதவீதம் போடத் தெரியவில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் என்னதான் கோளாறு? எதை மாற்றினால் சரியாகும்?”

கணக்குப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். எல்லாப் பாடத்தையும் தொட்டால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. கணக்கில் தெரிகிற கோளாறுதான் அறிவியலிலும் மொழிப்பாடத்திலும் வேறு உருவில் இருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வினாத்தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14 இருக்கும், 10 எழுதினால் போதும். அதில் 28ஆம் வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண் வினாக்களும் அப்படித்தான், 14-இல் 10. அதில் 42ஆம் வினா கட்டாயம். கடைசியாக எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். இரண்டுக்கும் ‘அல்லது’ போட்டு மாற்று வினா உண்டு. தேர்ச்சிக்கு 35.

இப்போது, பின்தங்கிய மாணவரைக் கரையேற்ற வேண்டிய ஆசிரியர் இந்தத் தாளை எப்படிப் பார்ப்பார்? செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16. புத்தகத்தின் பின்பக்கத்திலிருக்கும் கொள்குறி வினாக்களை மனப்பாடம் செய்ய வைத்தால் ஒரு மதிப்பெண் பகுதியில் பெரும்பகுதி தேறும். மீதிக்கு உறவுகளும் சார்புகளும் பாடத்திலிருந்து கார்ட்டீசியன் பெருக்கல், புள்ளியியலில் வீச்சு, இப்படி இரண்டு மதிப்பெண் வினா நாலைந்து. 35 வந்துவிட்டது. ‘மெல்லக் கற்போர் கையேடு’ என்று மாவட்டம்தோறும் சுற்றுகிற சிறு நூல்களின் கணக்கு இதுதான். ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழித்தலே தடுமாறும் பிள்ளை பத்தாவதுக்கு வந்து நின்றால், ஆறு மாதத்தில் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் விளைவைப் பாருங்கள். பின்னமோ சதவீதமோ ஒரு தடவைகூடத் தொடாமல் ஒரு மாணவர் பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறிவிடலாம்.

வரைபட வினாவைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். y = x² − 4x + 3 என்று வைத்துக்கொள்வோம். மாணவர் அட்டவணை போடுவார்: x ஒரு வரி, x² ஒரு வரி, −4x ஒரு வரி, +3 ஒரு வரி, கூட்டினால் y. மூலையில் அளவுத்திட்டம் எழுதுவார். புள்ளிகளைக் குறித்து வளைவரையை வரைவார். கடைசியில், “வரைபடம் X அச்சை இரண்டு வெவ்வேறு புள்ளிகளில் வெட்டுவதால் தீர்வுகள் மெய், சமமில்லை” என்ற வாக்கியம். ஒவ்வொரு படிக்கும் ஸ்டெப் மார்க் உண்டு, கை பழகிவிட்டால் எட்டும் கிடைக்கும். அதே மாணவரிடம் வரைந்து முடித்த படத்தையே காட்டி, “y எங்கே சுழியைவிடக் குறைவாக இருக்கிறது? y = 3 ஆக வேண்டுமானால் x என்ன? இந்த வளைவரையை அப்படியே ஓர் அலகு மேலே தூக்கினால் எத்தனை தீர்வு இருக்கும்?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு 1-க்கும் 3-க்கும் இடையே, இரண்டாவதற்கு 0, 4, மூன்றாவதற்கு x = 2 என்ற ஒரே தீர்வு. படத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், ஒரு வரி எழுத வேண்டாம். ஆனாலும் பலர் திகைத்து நிற்பார்கள், ஏனென்றால் படம் எதையோ சொல்கிறது என்றே யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

ஆகவே என் கருத்து இது: அச்சிட்ட பாடத்திட்டம் ஒன்று, நடக்கிற பாடத்திட்டம் வேறு. நடக்கிற பாடத்திட்டத்தை எழுதுவது வினாத்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு எத்தனை தடவை புத்தகத்தை மாற்றினாலும், புதிய புத்தகத்துக்குப் புதிய கையேடு வரும், அவ்வளவுதான்.

அதற்காகப் புத்தகத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2017-இல் கல்வியாளர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் கலைத்திட்டக் குழு அமைந்து, 2018-19-இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. அச்சும் படமும் நன்றாக இருந்தன, க்யூஆர் குறியீடு வைத்தார்கள். ஆனால் வரிசைமுறையில் ஒரு சறுக்கல். ஆறாம் வகுப்பில் விகிதமும் விகிதசமமும் முதல் பருவ நூலிலேயே வந்துவிடுகிறது. பின்னங்கள் மூன்றாம் பருவத்தில். அதாவது ஜூன், ஜூலையில் “12 : 18-ஐச் சுருக்குக” என்று கேட்கிறோம், 12/18-ஐ ஏன் 2/3 என்று சுருக்கலாம் என்பதை ஜனவரியில் விளக்குகிறோம். தொடக்க வகுப்புகளில் பின்னம் வந்திருக்கிறதே என்று கேட்கலாம். வந்தது உண்மை. ஆனால் வட்டத்தை நாலாகப் பிரித்து மூன்றில் வண்ணம் தீட்டுகிற அளவில் வந்தது. அதை வைத்துக்கொண்டு விகிதத்தைத் தாங்க முடியாது.

இந்த வண்ணம் தீட்டும் பழக்கத்திலிருந்துதான் உலகெங்கும் ஆசிரியர்கள் அறிந்த ஒரு பிழை பிறக்கிறது: 1/2 + 1/3 = 2/5. பிள்ளையைப் பொறுத்தவரை பின்னம் என்பது ஓர் எண் அன்று, மேலே ஒன்று கீழே ஒன்று என எண்ணி எழுதிய இரண்டு எண்கள். எனவே மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டுகிறது. பிள்ளையின் கண்ணில் அது முற்றிலும் நியாயம். “மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு, பகுதியை, அதாவது கீழுள்ள எண்ணைச் சமமாக்கு” என்று விதியைச் சொல்லித் திருத்தினால் அந்த வாரத் தேர்வில் சரியாகும். ஒரு மாதம் கழித்துப் பழையபடி 2/5 வந்து நிற்கும்.

இதற்கு ஒரு தாள் பட்டை போதும். 24 செ.மீ. நீளத்தில் ஒரே அளவாக மூன்று பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். முதல் பட்டையைச் சரிபாதியாக மடித்தால் ஒரு பகுதி 12 செ.மீ.; அது 1/2. இரண்டாவதை மூன்றாக மடித்தால் ஒரு பகுதி 8 செ.மீ.; அது 1/3. இரண்டையும் வெட்டி, மடிக்காத பட்டையின் மேல் அடுத்தடுத்து வையுங்கள். 20 செ.மீ. வரை போகும். 24-இல் 20, அதாவது 5/6. இப்போது 2/5 எங்கே விழும் என்று பிள்ளையையே கேளுங்கள். 24-இல் ஐந்தில் இரண்டு பங்கு 9.6 செ.மீ., பாதியைவிடக் குறைவு. அரையோடு இன்னொன்றைச் சேர்த்து அரையைவிடச் சின்னதாக எப்படி வரும்? இந்தக் கேள்வி பிள்ளையின் மனத்தில் தைக்க வேண்டும். 24-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் வகுபடும், எந்த மடிப்பும் முழு எண்ணில் விழும். 20 அல்லது 30 செ.மீ. பட்டையை எடுத்தால் எட்டில் ஒன்று மடிக்கும்போது அளவு தசமத்தில் போய், பாடம் வேறு பக்கம் இழுக்கும். பெரும்பாலான வகுப்புகளில் இது தவறுவது ஓரிடத்தில்தான். ஆசிரியர் மட்டும் மடித்துக் காட்டுவார், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் மடிக்க வேண்டும். இரண்டு பாடவேளை போகும், போகட்டும்.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு நல்ல துணை இருக்கிறது. கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி எல்லாம் தனித்தனி எண்ணின் பெயர்கள். ‘நாலில் மூன்று’ என்னும்போது இரண்டு எண் காதில் விழுகிறது, ‘முக்கால்’ என்னும்போது ஒன்றுதான் விழுகிறது. கடைக்குப் போய் வருகிற பிள்ளைக்குக் கால் கிலோவும் கால் கிலோவும் சேர்ந்தால் அரைக் கிலோ என்பது தெரியும். அதை எழுதிக் காட்டச் சொன்னால்தான் 1/4 + 1/4 = 2/8 என்று எழுதும். தெரிந்த ‘அரை’யிலிருந்து எழுத்துக்கு வர வேண்டிய பாடம், எழுத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. எண்களின் வரலாறு என்று ஒரு பெட்டிச் செய்தியில் அடக்காமல், மாகாணியை (1/16) அரைக்காலின் பாதி என்று பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கிற பயிற்சியாக வைக்கலாம்.

அடுத்தது காலக்கணக்கு. பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் இதைச் செய்து பார்ப்பதே இல்லையோ என்று தோன்றுகிறது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள் என்கிறது. கேட்க நிறைவாக இருக்கிறது. பத்தாம் வகுப்பில் மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு, ஜனவரி முதல் திருப்புதல் தேர்வுகள். ஆக டிசம்பர் அரையாண்டுக்குள் போர்ஷன் முடிய வேண்டும். ஜூன் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை சுமார் 26 வாரம். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும், இடைத்தேர்வுகள், தீபாவளி, மழை விடுமுறை என்று ஆறு வாரம் கழித்தால் 20. வாரத்துக்கு ஏழு பாடவேளை என்று வைத்தால் 140. எட்டுப் பாடத்துக்குப் பங்கிட்டால் பாடத்துக்குப் பதினேழு பாடவேளை, ஒன்று 40 அல்லது 45 நிமிடம். இயற்கணிதம் பாடத்தில் மூன்று மாறிச் சமன்பாடு, மீப்பெரு பொது வகுத்தி, வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு, வரைபடம், அணிகள் இத்தனையும் அடுக்கியிருக்கிறது. பதினேழில் அது முடியாது. எனவே ஆசிரியர் ‘ஏன்’ என்ற பகுதியை விட்டு ‘எப்படி’ என்பதை மட்டும் நடத்துகிறார்.

சரி, திருத்துவது எப்படி? முதலில் குறைப்பு. “30 சதவீதம் வெட்டு” என்று பின்பக்கத்திலிருந்து வெட்டுவது குறைப்பு ஆகாது. 1 முதல் 12 வரை கணக்குப் பாடத் தலைப்புகளை ஒரே சுவரில் சீட்டுச் சீட்டாக ஒட்ட வேண்டும். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் அது எந்த மேல் வகுப்புப் பாடத்துக்குத் தேவையோ அங்கே ஓர் அம்புக்குறி. பின்னத்திலிருந்து விகிதம், சதவீதம், சாய்வு, முக்கோணவியல், நிகழ்தகவு என்று அம்புகள் பாயும். சில சீட்டுகளிலிருந்து எதுவுமே புறப்படாது. அம்பும் இல்லை, அன்றாட வாழ்வில் பயனும் இல்லை, கணித அழகுக்காகவும் அதை வைக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். அம்பு தலைகீழாகப் போகிற இடங்கள், அதாவது முன்னால் வர வேண்டியது பின்னால் இருக்கும் இடங்கள், அந்தச் சுவரிலேயே தெரிந்துவிடும். விகிதம், பின்னம் தலைமாற்றம் அப்படி அகப்படுவதுதான். இந்த வேலைக்குத் தொடக்கப்பள்ளி, உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்கள் ஒரே அறையில் உட்கார வேண்டும். வகுப்புவாரியாகத் தனித்தனிக் குழு போட்டு எழுதினால் ஒவ்வொரு குழுவும் தன் பங்குக்கு நிரப்பும், இணைப்பு விட்டுப்போகும்.

இரண்டாவது வினாத்தாள். இதை ஒரே ஆண்டில் மாற்றக் கூடாது. திடீரெனக் கடினமான தாள் வந்தால் பிள்ளைகள் அழுவார்கள், போனஸ் மதிப்பெண் கோரிக்கை வரும், அடுத்த ஆண்டு பழைய பாணிக்குத் திரும்பும். நான் சொல்வது மூன்றாண்டுத் திட்டம். முதல் ஆண்டில் ஆறு முதல் எட்டு வகுப்புகளின் பருவத் தேர்வில் மட்டும் 10 மதிப்பெண்ணுக்குப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் எளிய வினாக்கள். இரண்டாம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்புக்கு 15. அதே ஆண்டில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து மாதிரித்தாள்கள், விடைக்குறிப்போடு. மூன்றாம் ஆண்டில் பொதுத்தேர்வில் 20. இப்போது புத்தகத்துக்கு வெளியே சற்றுத் திருகிக் கேட்கப்படுவது பெரும்பாலும் 28, 42 ஆகிய இரண்டு கட்டாய வினாக்கள்தான், சேர்த்தால் 7 மதிப்பெண். அவை பெரும்பாலும் கடினமாகவும் இருப்பதால், ‘புதிய வினா என்றால் கடினம்’ என்ற பயம் வேரூன்றிவிட்டது. புதிதாகவும் எளிதாகவும் கேட்க முடியும். மேலே சொன்ன வரைபட வினாவே சான்று. எட்டு மதிப்பெண்ணில் நாலை வரைவதற்கும் நாலைப் படிப்பதற்கும் பிரித்தால் ஒரு காசு செலவில்லை.

தேர்ந்தெடுத்து எழுதும் வாய்ப்பையும் குறைக்க வேண்டும். 14-க்குப் பத்து என்பதால் இரண்டு பாடத்தை அப்படியே விட்டுவிடும் வழக்கம் வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் இரண்டில் ஒன்று என்று கொடுத்தால் பதற்றமும் குறையும், பாடமும் விடுபடாது. 

மூன்றாவதுதான் கடினமானது: ஏற்கெனவே பின்தங்கிவிட்ட பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கணக்கு மூன்றாம் வகுப்பில் நின்றிருந்தால், எட்டாம் வகுப்புப் புத்தகம் எவ்வளவு சிறந்ததாக இருந்தும் பயனில்லை. வயதைவிட்டு நிலையை வைத்துக் குழு பிரித்து, தினம் ஒரு மணிநேரம் அந்த நிலைக்குரியதைக் கற்பிக்கும் முறையைப் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்தது. பொருளியலுக்கான 2019 நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் கள ஆய்வுகளில் சோதித்துப் பயன் தருவதாகக் கண்ட முறை அது. தமிழ்நாட்டிலும் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. 2025-இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை இதேபோன்ற ‘திறன்’ திட்டம் வந்திருக்கிறது. திசை சரி. கெடுவது நடைமுறையில். மூன்று நிலைக்கும் ஒரே ஆசிரியர், அதன்மேல் வாராவாரம் கைபேசிச் செயலியில் பதிவேற்றம். கற்பிக்கும் நேரத்தைப் பதிவு தின்றுவிடுகிறது. நிலை மாறிய பிள்ளையின் பெயரை மட்டும் மாதம் ஒருமுறை பதிந்தால் போதும். இன்னொன்று, அந்த மணிநேரம் காலையில் முதல் பாடவேளையாக இருக்க வேண்டும். மாலையில் வைத்தால் விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் பிள்ளை நினைக்கும்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் ஒரு பாடம் சொல்கிறது. ஏணிப்படி அட்டைகளில் பிள்ளை தன் வேகத்தில் ஏறும் நல்ல யோசனை அது. ஆனால் அட்டை கிழிந்தாலோ தொலைந்தாலோ மாற்று அட்டை வர வழி இருந்தால்தான் ஏணி நிற்கும். நடுவில் ஒரு படி போனால் அந்தப் பிள்ளை அங்கேயே நிற்கும். எந்தப் புதிய முறைக்கும் ஐந்தாவது ஆண்டின் பராமரிப்புச் செலவை முதல் ஆண்டிலேயே ஒதுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். பிள்ளைகளின் சுமை குறைவது நல்லதே. ஆனால் 2017-18-இல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்குக் காரணம், பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டன என்பது. கணக்கில் சார்பு, எல்லை, வகையிடல் எல்லாம் பதினொன்றில்தான் ஊன்றுகின்றன. அவற்றைத் தாண்டிப் போகும் பழக்கம் திரும்பாமலிருக்க, பன்னிரண்டாம் வகுப்புத் தாளிலேயே பதினொன்றின் அடிப்படையைத் தேடும் வினாக்களுக்கு 15 மதிப்பெண்ணாவது வைக்க வேண்டும்.

இவை எல்லாம் மேலிருந்து வர வேண்டியவை. அதுவரை ஆசிரியர் கையில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2012-13-இல் வந்த முப்பருவ முறையில், பாடம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண். அதில் செயல்பாட்டுக்கான 20 முழுக்க ஆசிரியர் பொறுப்பு. இப்போது அது பெரும்பாலும் சார்ட் ஒட்டுவதில் கரைகிறது. அந்த 20-ஐ வாய்மொழிக் கணக்குக்கும், பிழை கண்டுபிடிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பின் முதல் வாரத்தில் கீழே வரும் ஐந்து கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் பெற்றோரும் செய்யலாம். சரியா தவறா என்று போடாமல், வந்த விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 403 − 178-க்கு 375 வந்தால், பிள்ளை ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறது. இடமதிப்புக்கு, அதாவது நூறு, பத்துக் கட்டுகளுக்குத் திரும்ப வேண்டும். 612 ÷ 6-க்கு 12 வந்தால் நடுவிலுள்ள சுழியை விழுங்கிவிட்டது; “612 ரூபாயை ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நூறாவது வருமா?” என்று தோராயம் கேட்டுப் பழக்குங்கள். 0.5, 0.35 இரண்டில் 0.35 பெரியது என்றால் தசமத்தை முழு எண்ணாகப் படிக்கிறது. 50 பைசா, 35 பைசா என்று எழுதிக் காட்டுங்கள். 1/2 + 1/3-க்கு 2/5 என்றால் 24 செ.மீ. பட்டையை எடுங்கள். 800 ரூபாய்ச் சட்டைக்கு 15 சதவீதத் தள்ளுபடி போக 785 என்று எழுதினால் சதவீதம் என்பதையே ரூபாயாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கு 15 என்றால் எட்டு நூறுக்கு எவ்வளவு என்று எட்டுத் தடவை எண்ண வையுங்கள், 120 வரும், 680 வரும்.